யோசேப்பு கேட்ட விடுமுறை



யோசேப்பின் வரலாற்றை நாம் சிறு வயது முதலே கேட்டு வந்திருக்கின்றோம். அழகிய அங்கி, பாழுங்கிணறு, பார்வோனின் கனவு, ஏழாண்டுப் பஞ்சம், சகோதரர் முன்னிலையில் வாய்விட்டு அழுத யோசேப்பு என அக்கதையின் ஒவ்வொரு கட்டமும் மறைக்கல்வி வகுப்பிலேயே நம் மனத்தில் பதிந்துவிட்டது. ஆயினும் தொடக்கநூலின் ஐம்பதாம் அதிகாரத்தில், யாக்கோபு இறந்த பின்னர் நிகழும் ஒரு சிறு காரியத்தை அநேகர் கவனிப்பதில்லை. யோசேப்பு அங்கே விடுமுறை கேட்கின்றார்.

ஆம், விடுமுறைதான். எகிப்து நாட்டில் பார்வோனுக்கு அடுத்த நிலையில் இருந்து அதிகாரம் செலுத்தியவர் அவர். அப்படியிருந்தும், தகப்பனைக் கானான் நாட்டில் அடக்கம் செய்வதற்கு நினைத்தவுடன் புறப்பட்டுப் போய்விடவில்லை. பார்வோனின் வீட்டார் மூலம் சொல்லி அனுப்புகின்றார். இறக்கும் தறுவாயில் தகப்பனுக்கு ஆணையிட்டுக் கொடுத்ததையும், போய் அவரை அடக்கம் செய்ய வேண்டியிருப்பதையும், அதன் பின்னர் திரும்பி வருவதையும் அவ்விண்ணப்பம் கூறுகின்றது. இன்று நாம் அலுவலகத்தில் நிரப்பிக் கொடுக்கும் விடுமுறைப் படிவத்தில் இருப்பவையும் ஏறத்தாழ இவைதாம். காரணம், செல்லுமிடம், கடமைக்குத் திரும்புதல்.

பார்வோன் தடை சொல்லவில்லை. அதற்கு முன்னரே எகிப்தியர் யாக்கோபுக்காக எழுபது நாட்கள் துக்கம் கொண்டாடியிருந்தனர். எழுபது நாள் போதாதா, இன்னும் என்ன என்று அவன் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. யோசேப்புடன் பார்வோனின் பணியாளரும் நாட்டின் முதியோரும் தேர்களும் குதிரை வீரரும் சென்றனர். யோர்தானுக்கு அப்பால் மேலும் ஏழு நாட்கள் பெரும் புலம்பல் நடந்தது. அடக்கம் முடிந்து அவர் எகிப்துக்குத் திரும்பிய பொழுது, அவருடைய ஆசனத்தில் வேறொருவர் அமர்ந்திருந்ததாகத் திருநூலில் இல்லை.

அழுவதற்குக் காலமும், திரும்பி வருவதற்கு இடமும் ஆகிய இவ்விரண்டையும் ஒரு புற இனத்து அரசன் கொடுத்தான். பெற்ற பிள்ளையை மரணத்தில் பறிகொடுத்த ஒரு தாய்க்கும் தகப்பனுக்கும் இவ்விரண்டும் நம் நாட்டில் கிடைக்கின்றனவா? இவ்வாரம் இக்கேள்வியை உங்கள் முன் வைக்க விரும்புகின்றோம்.

நம்முடைய மரபிலே துக்கத்திற்கென்று ஒரு நாட்காட்டி உண்டு. மூன்றாம் நாள், ஏழாம் நாள், முப்பத்தோராம் நாள், ஓராண்டு நிறைவு. சைவ அயலவரிடமிருந்து நாம் பெற்றதும், திருச்சபை நமக்குக் கற்றுத் தந்ததும் இதில் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. தமிழ் நாளிதழ்களின் பக்கங்களில் முப்பத்தோராம் நாள் நினைவஞ்சலி அறிவித்தல்களைப் பார்க்கின்றீர்கள். அன்றைய தினம் வெள்ளவத்தை புனித லோரன்ஸ் ஆலயத்திலோ, கொட்டாஞ்சேனை புனித லூசியா பேராலயத்திலோ, திம்பிரிகஸ்யாய புனித தெரேசா ஆலயத்திலோ இறந்தவரின் பெயரைச் சொல்லித் திருப்பலி ஒப்புக்கொடுக்கின்றோம். மோசேக்காக இஸ்ரயேலர் முப்பது நாட்கள் துக்கம் காத்தனர் என்று இணைச்சட்ட நூலும், ஆரோனுக்காக அதே முப்பது நாட்கள் என்று எண்ணிக்கை நூலும் கூறுகின்றன. ஆகவே ஒரு மாதம் என்பது நம் பாட்டிமார் எங்கிருந்தோ கொண்டுவந்த கணக்கன்று.

அந்த ஒரு மாதத்தில் எத்தனை நாட்களை நாட்டின் சட்டம் கொடுக்கின்றது என்று பார்ப்போம்.

ஹெவ்லொக் டவுனில் வாழும் வாசகர்கள் இதற்காக நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. நாரஹேன்பிட்டியில், அதே கொழும்பு 5 எல்லைக்குள், தொழில் திணைக்களத்தின் தலைமையகம் இருக்கின்றது. நாட்டில் கடைகளிலும் கந்தோர்களிலும் உழைப்போரின் விடுமுறை பற்றிய சட்டங்களை நடைமுறைப்படுத்தும் இடம் அதுவே. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் அவற்றுள் முதன்மையானது. காலி வீதியின் புடவைக் கடையில் நிற்கும் பிள்ளையும், ஹெவ்லொக் வீதியின் கண்ணாடிக் கட்டடத்தில் கணினி முன் அமர்ந்திருக்கும் கணக்காளரும் அதற்குள் அடங்குவர்.

அச்சட்டத்தின்படி, ஓராண்டு வேலை செய்த ஒருவருக்கு அதன் பின் ஆண்டுதோறும் 14 நாட்கள் வருடாந்த விடுமுறையும், 'கஷுவல் லீவு' என்று நாம் வழங்கும் அமைய விடுமுறை 7 நாட்களும் உண்டு. முதலாம் ஆண்டில் இருப்பவருக்கு இரண்டு மாத சேவைக்கு ஒரு நாள் என்ற கணக்கில்தான் அமைய விடுமுறை சேரும். அந்த ஏழு நாட்கள் சொந்த அலுவல், சுகவீனம், வேறு தகுந்த காரணம் என்பவற்றுக்காக அளிக்கப்படுபவை. மரணத்துக்கென்று தனியே ஒரு நாளும் அதில் ஒதுக்கப்படவில்லை. பிள்ளையின் மரணம் என்பது அச்சட்டத்தின் பார்வையில் 'சொந்த அலுவல்', அல்லது 'வேறு தகுந்த காரணம்'. வீட்டுக்கு மின் இணைப்புக் கொடுக்க ஆள் வருகின்றார் என்று ஒரு நாள் லீவு போடுவோமே, அதே பெட்டிக்குள்தான் இதுவும்.

ஏழு நாள் இருக்கின்றதே, அது போதாதா என்று கேட்பவர் உளர். கணக்கைச் சற்று நிதானமாகப் போட்டுப் பாருங்கள். பிள்ளை நோயினால் இறந்திருந்தால், பொரளை லேடி ரிட்ஜ்வே வைத்தியசாலையின் விறாந்தையிலோ, மகரகம அபேக்ஷா வைத்தியசாலையின் சிறுவர் விடுதியிலோ, பெற்றோர் மாதக்கணக்காகக் காத்திருந்திருப்பர். (1895இல் தொடங்கிய பொழுது லேடி ரிட்ஜ்வே வைத்தியசாலைக்கு இருந்த பெயர் லேடி ஹெவ்லொக். ஹெவ்லொக் டவுனுக்குப் பெயர் கொடுத்த தேசாதிபதியின் மனைவியின் பெயர் அது.) அந்த மாதங்களில் அமைய விடுமுறையும் வருடாந்த விடுமுறையும் கரைந்துபோயிருக்கும். பிள்ளை உயிரோடு இருந்தபோது அதன் பக்கத்தில் இருப்பதற்காகச் செலவழித்த நாட்கள் அவை. அது கண் மூடும் நாளில் கைவசம் ஒரு நாளும் மிஞ்சியிராது. மாறாக விபத்திலே பிள்ளை இறந்திருந்தால், பொலிஸ் வாக்குமூலம், பிரேத பரிசோதனை, திடீர் மரண விசாரணை, இறப்புப் பதிவு என்று முதல் நாட்கள் அலைச்சலிலேயே போய்விடும். அழுவதற்கு உட்காரும் பொழுது லீவு முடிந்திருக்கும்.

அதன் பின்னர்தானே வீடு வெறிச்சோடிப் போனது தெரியவரும்? காலை ஆறே முக்காலுக்குப் பள்ளிக்கூட வான் ஒழுங்கைக்குள் வந்து ஹோர்ன் அடிக்கும், பிறகு நினைவு வந்தவராய்ச் சாரதி பேசாமல் போய்விடுவார். சாப்பாட்டுப் பெட்டி, வெள்ளைச் சப்பாத்து, பாதியில் நிற்கும் அப்பியாசக் கொப்பி. எட்டாம் நாள் காலையில் அந்தத் தாய் பஸ்ஸில் ஏறிக் கந்தோருக்குப் போய், 'உங்களுக்கு எவ்வாறு உதவலாம்' என்று தொலைபேசியில் இனிமையாகப் பேச வேண்டும்.

ஒரு விடயத்தில் மட்டும் நமது சட்டம் பிள்ளையின் இறப்பை அறிந்து வைத்திருக்கின்றது. உயிருடன் பிறக்கும் பிள்ளைக்காகத் தாய்க்கு 84 நாட்கள் மகப்பேற்று விடுமுறை தரும் அதே கடை, அலுவலக ஊழியர் சட்டம், பிள்ளை உயிரற்றுப் பிறந்தால் 42 நாட்கள் தருகின்றது. மூன்றாவது பிள்ளை முதலாக 42 நாட்களே என்றிருந்த பழைய விதியை 2018ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் நீக்கி, எத்தனையாவது பிள்ளையானாலும் 84 நாட்கள் என்று ஆக்கியது. உயிரற்ற பிறப்புக்கான 42 நாட்களை அது மாற்றவில்லை. இந்த 42 நாட்களுக்காக நன்றி சொல்வோம். ஆயினும் அவை பேறு கண்ட உடல் தேறுவதற்கானவை, துயருக்கானவை அல்ல. அதனாலேயே அச்சட்டம் தகப்பனைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்தச் சிறு பெட்டியைக் கையில் ஏந்திக் கனத்தை மயானத்துக்குக் கொண்டு போகின்றவர் அவரன்றோ? ஞானஸ்நானம் பெறுமுன் இறந்த குழந்தைகளை இறைவனின் இரக்கத்தில் நம்பிக்கையோடு ஒப்படைக்கலாம் என்று திருச்சபையின் மறைக்கல்வி ஏடு கூறுகின்றது. அக்குழந்தைகளுக்காக மரணச் சடங்கிலே தனி மன்றாட்டுகளும் வைத்திருக்கின்றது. திருச்சபை பெயர் சொல்லி மன்றாடும் ஒரு பிள்ளையின் தகப்பன், மறுநாள் காலை கைவிரல் பதிக்கும் இயந்திரத்தின் முன் நிற்கின்றான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பிறக்குமுன் இறந்த பிள்ளைக்காவது தாய்க்கு ஒரு கணக்கு உண்டு. பிறந்து, பெயர் சூட்டப்பெற்று, முதல் நற்கருணை வாங்கி, ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை இறந்தால் எந்தக் கணக்கும் இல்லை.

சரி, லீவு முடிந்த பின்னும் அந்தத் தாய் வேலைக்குப் போக முடியாமல் வீட்டிலேயே இருந்துவிட்டால் என்ன ஆகும்? இங்கேதான் திரும்பி வரும் இடம் பற்றிய கேள்வி எழுகின்றது. அறிவிக்காமல் தொடர்ந்து வராதிருப்பவர் பதவியைத் தாமாகவே கைவிட்டுவிட்டார் எனக் கருதி நிறுவனம் கடிதம் அனுப்பும் வழக்கம் நம் நாட்டில் உண்டு. வராதிருத்தல் மட்டும் அதற்குப் போதாது, திரும்பி வரும் எண்ணமே இல்லாதிருக்க வேண்டும் என்பது நமது நீதிமன்றங்கள் நெடுங்காலமாக ஏற்றுக்கொண்ட நிலைப்பாடு. எனவே அக்கடிதம் கிடைத்தவர் மனம் உடைந்துவிடத் தேவையில்லை. தாம் வேலையைக் கைவிடவில்லை என்றும், பிள்ளையின் மரணமே காரணம் என்றும் உடனே எழுத்தில் பதில் அனுப்ப வேண்டும், வைத்தியச் சான்றிதழ் இருந்தால் அதனையும் இணைக்க வேண்டும். ஆனால் அந்த வேளையில் கடிதத்தைப் பிரித்துப் படிக்கும் நிலையில் யார் இருப்பார்? ஆகவே பக்கத்து வீட்டார், உறவினர், பங்குச் சபையார் ஆகிய நம்மில் ஒருவர்தான் அதைப் படித்து, பதிலையும் எழுதிக் கையொப்பம் வாங்க வேண்டும். பதினைந்து பேருக்குக் குறைவாக வேலை செய்யும் சிறு கடைகளில் நிலைமை இன்னும் கடினம். ஊழியரின் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ இன்றி வேலையை முடிவுறுத்தலாகாது என்னும் 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் அத்தகைய இடங்களுக்குப் பொருந்தாது.

வேலை கொடுப்பவரின் பக்கத்து நியாயத்தைத் திருநூல் மறைக்கவில்லை. சாமுவேலின் இரண்டாம் நூலில் யோவாபு என்ற படைத்தலைவனை நினைத்துப் பாருங்கள். அப்சலோம் மாண்ட செய்தி கேட்டுத் தாவீது வாயிலின் மாடி அறைக்குள் போய், மகனின் பெயரைச் சொல்லிச் சொல்லிப் புலம்புகின்றார். வெற்றி பெற்றுத் திரும்பிய படை, தோற்றோடி வந்ததைப் போல ஓசையின்றி நகருக்குள் நுழைகின்றது. யோவாபு உள்ளே போய் அரசரைக் கடிந்துகொள்கின்றான். எழுந்து வெளியே வந்து வீரரோடு பேசாவிட்டால் இன்றிரவே ஒருவனும் உம்மோடு இரான் என்கின்றான். அவன் சொன்னது பொய்யன்று. அரசியல் கணக்கில் அது சரியான ஆலோசனையுங்கூட. தாவீது எழுந்து போய் வாயிலில் அமர்ந்தார். ஆனால் அந்த அரசர் தம் இருக்கைக்குத் திரும்பினாரேயன்றி, துயரிலிருந்து திரும்பினாரா என்பதைத் திருநூல் சொல்லவில்லை.

அதே தாவீது வேறொரு நாளில் வேறு விதமாக நடந்துகொண்டார். பத்சேபாவின் குழந்தை நோயுற்றிருந்த ஏழு நாட்களும் தரையில் கிடந்து உண்ணாதிருந்தவர், அது இறந்தது என்று கேட்டதும் எழுந்து குளித்து, ஆலயத்துக்குச் சென்று தொழுது, வீட்டுக்கு வந்து உணவு கேட்டார். ஊழியர் திகைத்துப் போயினர். ஒரே தகப்பன், இரண்டு பிள்ளைகள், இரண்டு துயரங்கள். ஒருவர் மூன்றாம் நாளே வேலைக்குப் போனால்தான் மூச்சு விட முடியும் என்பார், மற்றொருவருக்கு மூன்று மாதமும் போதாது. ஆகவே எந்தச் சட்டமும் துயரை அளந்து கொடுக்க முடியாது என்பது உண்மையே. இதற்குக் குறைந்து கொடுக்கலாகாது என்று ஓர் எல்லையைத்தான் சட்டம் வகுக்கலாம், வேண்டியவர் எடுத்துக்கொள்வார்.

சீராக்கின் ஞான நூலை நன்கு படித்த வாசகர் ஒருவர் இங்கே குறுக்கிடக்கூடும். இறந்தவருக்காக ஓரிரு நாள் துக்கம் காத்து, பின்பு தேறிக்கொள் என்று 38ஆம் அதிகாரம் அறிவுரை கூறவில்லையா? கூறுகின்றது. அதே நூலின் 22ஆம் அதிகாரம் ஏழு நாட்கள் என்கின்றது. சீராக் ஞானி துயரில் மூழ்கிக் கிடப்பவனின் உடல்நலத்தை எண்ணி அவனுக்குச் சொன்ன அறிவுரை அது. அவனுடைய முதலாளிக்குச் சொல்லப்பட்ட விதியன்று. இரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது.

உடல்நலம் என்ற சொல்லை எடுத்தபடியால் ஒரு தகவல். பிள்ளையை இழந்த 21,000க்கு மேற்பட்ட பெற்றோரை டென்மார்க் நாட்டு ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்து, 2003இல் மருத்துவ ஏடான 'லான்செட்'டில் முடிவை வெளியிட்டனர். பிள்ளையை இழக்காத தாய்மாரைவிட இழந்த தாய்மாரிடையே இறப்பு அதிகமாயிருந்தது. முதல் மூன்று ஆண்டுகளில், விபத்து, தற்கொலை போன்ற காரணங்களால் நேர்ந்த இறப்பு குறிப்பாக உயர்ந்திருந்தது. பிள்ளையின் துக்கம் ஆளைக் கொண்டுபோய்விடும் என்று நம் முதியோர் சொல்வதில் மிகையில்லை.

இனி, கடல் கடந்து வாழும் நம் உறவுகளின் பக்கம் திரும்புவோம். வெள்ளவத்தையில் ஸ்காபரோவிலோ லண்டனிலோ சிட்னியிலோ ஒரு சகோதரம் இல்லாத வீடு அரிது. அவர்கள் வாழும் நாடுகள் இவ்விடயத்தில் அண்மைக் காலத்திலேதான் விழித்துக்கொண்டன.

கனடாவின் ஒன்ராறியோ மாகாணம் 2014இல், குற்றச்செயலினால் பிள்ளையை இழந்த பெற்றோருக்கு மட்டும் வேலைப் பாதுகாப்புடன் விடுமுறை தந்தது. எக்காரணத்தால் பிள்ளை இறந்தாலும் இழப்பு இழப்புத்தானே என்ற எண்ணம் பிறகுதான் வந்தது. 2018 ஜனவரி 1 முதல், 18 வயதுக்குட்பட்ட பிள்ளையை இழந்த பெற்றோர், ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவராயின், 104 வாரங்கள் வரை விடுமுறை பெறலாம். இரண்டு ஆண்டுகள்! சம்பளம் கிடையாது. ஆனால் திரும்பி வரும் நாளில் அதே வேலை, அல்லது அதற்கு ஒப்பான வேலை அவருக்கு உண்டு.

பிரித்தானியாவின் கதை ஒரு தாயிலிருந்து தொடங்குகின்றது. லூசி ஹேர்ட் என்பவரின் மகன் ஜாக், இரண்டு வயது நிறையுமுன், 2010இல் வீட்டுத் தோட்டத்துக் குளத்தில் மூழ்கி இறந்தான். அவனுடைய தகப்பனுக்கு வேலைத்தலத்தில் கிடைத்தவை மூன்று நாட்கள், அவற்றிலும் ஒன்று அடக்கத்துக்கு. அத்தாய் பத்தாண்டுகள் ஓயாமல் கேட்டார். 2018இல் சட்டம் நிறைவேறி 2020 ஏப்ரல் 6 முதல் நடைமுறைக்கு வந்தது. அதனை 'ஜாக்கின் சட்டம்' என்றே மக்கள் அழைக்கின்றனர். வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே இரண்டு வாரங்களுக்கான உரிமை அது. மரணத்தின் பின் 56 வாரங்களுக்குள் எப்பொழுதும் எடுக்கலாம். முதல் வாரத்தைவிட முதல் பிறந்தநாள்தான் தாங்க முடியாதது என்பதை அனுபவித்தவர் சொல்லியிராவிட்டால், அந்த 56 என்ற எண் சட்டத்தில் ஏறியிராது.

அவுஸ்திரேலியாவில் 2025ஆம் ஆண்டு நிறைவேறிய சட்டத்தின் பெயரைக் கேட்டால் நம் காதில் ஒலிப்பது அயலாரின் பெயராக இராது. 'குழந்தை பிரியாவின் சட்டம்' என்பது அதன் பெயர். குறைமாதத்தில் பிறந்த பிரியா 42 நாட்களே வாழ்ந்தாள். அவள் இறந்ததும், தாய்க்கு ஏற்கனவே அனுமதித்திருந்த சம்பளத்துடனான மகப்பேற்று விடுமுறையை வேலை கொடுத்தவர் இரத்துச் செய்துவிட்டார். பிள்ளை இல்லையே, பிறகு ஏன் விடுமுறை என்ற கணக்கு. இனி எவரும் அவ்வாறு இரத்துச் செய்ய முடியாதபடி அச்சட்டம் தடுக்கின்றது. அமெரிக்காவில் 1993ஆம் ஆண்டின் குடும்ப, மருத்துவ விடுமுறைச் சட்டத்திலும் இதே கணக்கு இருக்கின்றது. கடும் நோயுற்ற பிள்ளையைப் பராமரிக்க 12 வாரங்கள் தரும் அச்சட்டம், பிள்ளை இறந்தவுடன் பராமரிக்க யாருமில்லை என்பதால் நின்றுபோகின்றது. இதனைத் திருத்த அங்குள்ள பெற்றோர் 2011 முதல் முயன்று வருகின்றனர். நம் அயல்நாடான இந்தியா, 2022 செப்டெம்பரில், பிறந்தவுடனோ பிறக்குமுன்னரோ குழந்தையை இழக்கும் மத்திய அரசு ஊழியரான தாய்மாருக்கு 60 நாட்கள் சிறப்பு விடுமுறை அறிவித்தது.

சம்பளமில்லாத இரண்டு ஆண்டுகளா, சம்பளத்துடன் இரண்டு வாரங்களா? நம்மூர் நிலையில் எது வேண்டும் என்று கேட்டால், சம்பளமில்லாத நீண்ட விடுமுறை சேமிப்பு உள்ளவருக்கே பயன்படும் என்று சொல்லத் தோன்றுகின்றது. கொட்டாஞ்சேனையில் மாத வாடகை கொடுத்து வாழும் குடும்பத்துக்கு அது எட்டாத கனி. நமக்குப் பொருந்தும் அளவு நம் மரபிலேயே இருக்கின்றது. முப்பத்தோராம் நாள் திருப்பலி வரையில் சம்பளத்துடன் விடுமுறை, அதற்குப் பின்னும் இயலாதவருக்கு வைத்தியச் சான்றிதழின் பேரில் வேலைப் பாதுகாப்பு. இது தாய்க்கும் தகப்பனுக்கும் சமமாக வேண்டும். இதனைக் கேட்பதில் சிங்களவர், தமிழர், முஸ்லிம் என்ற பிரிவுக்கு இடமேயில்லை.

2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு. கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலம், கட்டுவப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம் ஆகிய இடங்களிலும் விருந்தினர் விடுதிகளிலும் வெடித்த குண்டுகளில் 260க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் 40க்கு மேற்பட்டோர் சிறுவர். சீயோனில் ஞாயிறு மறைப்பள்ளி முடிந்து முற்றத்துக்கு வந்த பிள்ளைகளும் அதில் அடங்குவர். தாக்குதலைத் தடுக்கத் தவறியமைக்காக 2023 ஜனவரி 12 அன்று உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, முன்னாள் ஜனாதிபதி மட்டுமே 10 கோடி ரூபாய் நட்டஈடு செலுத்த வேண்டும் என்று கட்டளையிட்டது. அத்தீர்ப்பு வேண்டியதே. எனினும் அந்த ஆண்டுகளில் நீதியைப் பற்றியும் பணத்தைப் பற்றியும் இந்த நாடு பேசிய அளவில் நூறில் ஒரு பங்குகூட, அப்பெற்றோர் வேலைக்குத் திரும்பிய அந்த முதல் காலையைப் பற்றிப் பேசவில்லை. 2004 டிசெம்பர் 26இன் ஆழிப்பேரலைக்குப் பின்னரும் பேசவில்லை.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015 ஜூன் 17 அன்று பொதுச் சந்திப்பில், நயின் ஊர்க் கைம்பெண்ணை நினைவுபடுத்தி, குடும்பத்தில் நேரும் இழப்பைப் பற்றிப் பேசினார். பிள்ளையை இழந்த பெற்றோருக்குக் காலமே நின்றுவிட்டதுபோல ஆகின்றது என்பது அவர் கருத்து. நேரம் நின்றுபோன ஒருவரிடம் எட்டரைக்கு வந்து கையொப்பமிடச் சொல்கின்றோம். தொழிலாளர் உரிமை பற்றிய சுற்றுமடலைத் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் வெளியிட்டது 1891இல். வெள்ளவத்தை நூல், நெசவு ஆலை எழுந்த காலமும் ஏறத்தாழ அதுவே. அந்த ஆலை நின்ற நிலத்தில்தான் இன்று 'ஹெவ்லொக் சிட்டி' தொடர்மாடிகள் உயர்ந்து நிற்கின்றன. தொழிலாளியை இலாபம் ஈட்டும் கருவியாகக் கருதலாகாது என்று அச்சுற்றுமடல் கூறியதைத் தறி ஓட்டியவருக்கு மட்டும் உரியதென்று நாம் எண்ணிவிடலாகாது.

சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இப்பகுதியை வாசிப்போரில் கடை முதலாளிகள் இருக்கின்றீர்கள், மனிதவளப் பிரிவில் வேலை செய்வோர் இருக்கின்றீர்கள். 1954ஆம் ஆண்டுச் சட்டம் கூறும் ஏழு நாட்கள் கீழெல்லைதான். அதற்கு மேல் கொடுப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. ஊழியர் கைந்நூலில் ஒரே ஒரு பந்தி சேர்த்தால் போதும். பிள்ளையை இழந்தவர் விண்ணப்பப் படிவத்தைத் தாமே நிரப்ப வேண்டிய நிலை வராமல் மேலாளரே நிரப்பி வைக்கலாம். உடன் வேலை செய்வோர் தத்தம் கணக்கிலிருந்து ஓரிரு நாள் விட்டுக்கொடுக்க நிறுவனம் இடமளிக்கலாம். யோபுவின் நண்பர் மூவர், பின்னால் வாய் திறந்து எல்லாவற்றையும் கெடுத்துக்கொண்டவர்களே ஆயினும், முதல் ஏழு நாட்கள் தரையில் அவரோடு பேசாமல் அமர்ந்திருந்தனர். அந்த ஏழு நாட்களை மட்டுமாவது அவர்களிடமிருந்து நாம் கற்றுக்கொள்ளலாம். முப்பத்தோராம் நாள் கழித்து அவர் வேலைக்கு வரும் காலையில், கடவுளின் சித்தம் என்று ஆறுதல் கூற விரைய வேண்டாம். பிள்ளையின் பெயரைச் சொல்லி விசாரித்தால் போதும்.

கடைசியாக, கடையும் அலுவலகமும் அல்லாத ஓரிடம் இருக்கின்றது. அது நமது வீடு. ஹெவ்லொக் டவுனிலும் வெள்ளவத்தையிலும் நம் சமையலறைகளில் உழைக்கும் பெண்கள் பலர் ஹற்றன், பதுளைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து, பிள்ளைகளைப் பாட்டியிடம் விட்டுவிட்டு வந்தவர்கள். மேலே சொன்ன 14 நாளும் 7 நாளும் அவர்களுக்கு இல்லை. கடை, அலுவலக ஊழியர் சட்டத்தில் வீட்டுப் பணியாளர் சேர்க்கப்படவில்லை. அப்பெண்ணின் பிள்ளைக்கு ஏதேனும் நேர்ந்து நள்ளிரவில் தொலைபேசி வந்தால், நாரஹேன்பிட்டி அலுவலகம் அல்ல, நாமே பார்வோன். பஸ் செலவையும் அந்த மாதச் சம்பளத்தையும் கையில் கொடுத்து, யாராவது துணையோடு அனுப்பி வைக்கலாம். எப்பொழுது வருவாய் என்று கேளாமல், முப்பத்தோராம் நாள் முடியும்வரை வர வேண்டாம் என்று நாமே சொல்லலாம். அவளுடைய இடத்துக்கு வேறொருவரைத் தேடாமல், அதுவரை நம் சட்டிபானைகளை நாமே கழுவிக்கொள்ளலாம்.